ஷப்னத்தின் வாளித் தண்ணீர்

ஷப்னத்தை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதனாலேயே இன்னும் பிடிக்காது.

நான் பிராங்கிளின். சின்னாளப்பட்டியைத் தாண்டி மதுரை ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், பி.எச்.டி. என்ற பெயரில் ஆறு வருடமாகத் தேய்ந்துகொண்டிருப்பவன். ஷப்னம் திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இருவருக்கும் ஆனந்தி மேடம்தான் வழிகாட்டி. டென்மார்க்கில் ஒரு வருட ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. மேடம் ஒருவர் பெயரைத்தான் அனுப்ப முடியும். அது என் பெயர்தான் என்று எனக்குத் தெரியும், ஷப்னத்துக்கும் தெரியும். மேடத்துக்குத்தான் மறந்துகொண்டே வந்தது.

எங்கள் வேலை மூளை பற்றியது. நரம்பு செல் வெளியே விட்ட டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்க அதன் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. கடத்தி என்போம். டோபமைன் அதன் வழியே தனியாகப் போகாது. இரண்டு சோடியம் அயனியும் ஒரு குளோரைடு அயனியும் துணைக்கு வர வேண்டும். கோகைன் வகை மருந்து உள்ளே போவதே இல்லை, வாசலில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொள்ளும். நன்றாக உட்கார அதற்கும் சோடியம் வேண்டும். சோடியத்தைப் படிப்படியாகக் குறைத்தால் மருந்தின் பிடி எப்படித் தளர்கிறது என்பது என் ஆராய்ச்சி. ஷப்னமும் அப்படியே சோடியத்தைக் குறைத்து, மருந்தோடு டோபமைனையும் சேர்த்துப் பார்த்தாள்.

அதே செல், அதே உப்பு, அதே மருந்துக் குப்பி. ஆனால் அவளுக்கு மருந்தின் பிடி என்னுடையதைப்போல ஒன்றரை மடங்கு வந்தது. டோபமைன் உள்ளே போவது பாதியாகக் குறைந்தது.

"ஏப்பா பிராங்கிளின், ஒனக்கு ஏன் இப்புடி வர மாட்டேங்குது?" என்றார் மேடம். "அவ கை அம்புட்டு சுத்தம். செத்த நேரம் பக்கத்துல நின்னு பாரேன்."

என் ஜூனியர் பக்கத்தில் நின்று நான் பாடம் படிக்க வேண்டுமாம்! அவள் எங்கே தப்பு செய்கிறாள் என்று கண்டுபிடிப்பதே அதன்பிறகு என் முழுநேர வேலையாகிவிட்டது. என் சோதனை இரண்டு முறை முடிந்து மூன்றாவது முறை பாக்கி இருந்தது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவள் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தாள். அவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு ஜி.ஐ. வாளி, நிறையத் தண்ணீர்.

எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அதைக் காய்ச்சி வடித்தால் ஹீட்டரில் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதனால் எட்டு நாளைக்கு ஒருமுறை காவிரித் தண்ணீர் வரும்போதுதான் வடித்துப் பிடித்துவைப்போம். சீனியர்தான் முதலில் பிடிப்பது வழக்கம். இருந்த ஏழு பிளாஸ்டிக் கேனையும் நானே நிரப்பிக்கொள்வேன். எனக்கு நாலு போதும்.

ஆய்வக உதவியாளர் பொம்மையனைக் கேட்டேன். "தோட்டத்துக்கு வாங்குன புது வாளி சார். கேன் இல்லைன்னு பாப்பா நின்னுச்சு, நாந்தான் குடுத்தேன்" என்றார்.

ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. வடித்த தண்ணீரில் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்த அயனி கடத்தியின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வாசலை வெளியே பார்த்துத் திறந்தபடி நிறுத்திவிடும். மருந்து சுகமாக உட்காரும், டோபமைன் திண்டாடும். கை சுத்தமாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் வாளி செய்த வேலை.

துள்ளிக் குதிக்காத குறைதான். உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு நாளில் துறைக் கருத்தரங்கு இருந்தது, அங்கே எல்லோர் முன்னாலும் அவள் மூக்கை உடைக்க ஆசைப்பட்டேன். அதுவரை அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவள் தினமும் சீக்கிரமே வந்து வேலை பார்த்தாள். பாரு, நல்லாப் பாரு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கருத்தரங்கில் அவள் பேசி முடித்ததும் எழுந்தேன். "தண்ணிய எதுல வச்சிருந்த?"

"வாளியிலண்ணே."

"ஜி.ஐ. வாளி. துத்தநாகம். நீ அளந்ததெல்லாம் வாளியத்தான்."

அவள் கண் கலங்கியது. பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது.

"இத எப்பக் கண்டுபிடிச்ச?" என்றார் மேடம்.

"பதினோரு நாளாச்சு மேடம்" என்றேன், பெருமையாக. சொன்ன பிறகுதான் சபையின் முகத்தைப் பார்த்தேன்.

ஷப்னம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கே சந்தேகமா இருந்துச்சு மேடம். இம்புட்டு வரக்கூடாதேன்னு இந்தப் பத்து நாளும் திரும்பத் திரும்பச் செஞ்சேன். ஆறு தடவையும் ஒரே மாதிரிதான் வந்துச்சு. மருந்து தீந்துபோச்சு."

லைசென்ஸ் போட்டு வாங்கும் மருந்து அது, அடுத்த குப்பி வர ஆறு மாதம் ஆகும். டென்மார்க்குக்குப் பெயர் அனுப்ப ஒரு மாதம்தான் இருந்தது. என் மூன்றாவது சோதனை அவ்வளவுதான்.

மேடம் வாளித் தண்ணீரில் துத்தநாகம் எவ்வளவு என்று அளந்துவரச் செய்தார். பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"துத்தநாகம் பிடிய ஏத்தும்ங்கிறது பழைய சேதி. சோடியம் கொறையக் கொறைய அது என்னாகுதுன்னு அவகிட்ட ஆறு தடவ செஞ்சது இருக்கு. ஏன்னு தெரியாம இருந்துச்சு, அதையும் நீயே சொல்லிட்ட. ஒங்கிட்ட ரெண்டு தடவதான் இருக்கு. ஒன்னோடத ஒப்பிட்டுப் பாக்க வச்சுக்கலாம். அவ பேரத்தான் அனுப்புறேன்."

அந்த வாரமே ஷப்னம் கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீங்க கேக்காட்டி எனக்குக் காரணமே தெரிஞ்சிருக்காதுண்ணே" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே நன்றி சொன்னாள். வரைபடத்தில் அவள் கோடு சிவப்பில் மேலே ஏறியது. அதற்குக் கீழே, துத்தநாகம் இல்லாத தண்ணீருக்கு உதாரணமாக, என் ஆறு வருடமும் ஒரு சாம்பல் நிறக் கோடாகக் கிடந்தது.

ஆசிரியர் வரிசையில் அவளுக்கு அடுத்து என் பெயர். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் முதல் பெயரை மறுபடி பார்த்தேன். வெட்கப்பட வேண்டிய எனக்கு அப்போதும் வயிறுதான் எரிந்தது.