தூங்குமூஞ்சி லேப்டாப்பும் அத்தானும்

அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: தனக்கு எதுவும் தெரியாது என்பது.

அந்த மேதை இப்போது கொழுந்தியாள் சின்னவளின் மேஜை முன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டில் பட்டையாய் ஒரு காந்த வளையம். ரத்த அழுத்தம் குறையும் என்று எவனோ சொல்ல, போன வாரம் வீட்டில் எல்லோர் கையிலும் ஒன்று மாட்டிவிட்டிருந்தார். அக்கா முகத்துக்காகச் சின்னவளும் கழற்றவில்லை.

"நாலு வரி தட்டினா தூங்கிடுது அத்தான். தூங்குற நேரத்தை மாத்தினேன், சார்ஜரை மாத்தினேன், ஒண்ணும் நடக்கலை. கொஞ்ச நேரத்துல கம்பெனிக்காரங்க வீடியோவுல வருவாங்க. நான் வரைஞ்ச வீட்டுப் படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நடுவுல தூங்கிச்சுன்னா, கிடைக்கிற வேலையும் போச்சு."

"கண்டதையும் ஏத்தினா அது தூங்காம என்ன செய்யும்? கம்ப்யூட்டரும் மனுஷன் மாதிரிதாம்மா."

"உங்களை மாதிரின்னு சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது.

அத்தான் காதில் விழாத மாதிரி லேப்டாப்பில் கையை வைத்தார். திரை கருத்தது.

"பார்த்தியா, ஆளைக் கண்டதும் பயந்துடுச்சு! எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடுவோம்."

"ஐயோ, என் படம் அத்தான்!"

"படம் என்ன பெரிய படம், இன்னொண்ணு வரைஞ்சுக்கோ."

எதையெதையோ தட்டி, 'அழிக்கலாமா?' என்று திரை கேட்கும் இடம் வரை போய்விட்டார். இடது கையை அழுத்தி ஊன்றி, வலது விரலை நீட்டினார். திரை அணைந்தது. எழுப்பினார், விரலை நீட்டினார், மறுபடியும் அணைந்தது.

அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "எந்திரிங்க. விட்டா வீட்டையே இடிச்சுட்டுப் புதுசா கட்டச் சொல்வீங்க."

அவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, 'வேண்டாம்' என்று அழுத்தினாள். அதே இடத்தில்தான் கையை ஊன்றியிருந்தாள். லேப்டாப் தூங்கவில்லை.

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள். வளையம் இல்லை, பாத்திரம் கழுவ அக்கா கழற்றி வைத்திருந்தாள். சின்னவள் சட்டென்று தன்னுடையதைக் கழற்றி விசைப்பலகை ஓரத்தில் வைத்தாள். திரை கருத்தது. எடுத்தாள், விழித்தது.

"மூடியில ஒரு காந்தம் இருக்குக்கா. மூடினா அதை வச்சுத்தான் தூங்கும். வளையத்தையும் மூடின்னு நெனச்சுக்குது!"

வேறொருவர் என்றால் கூசியிருப்பார். "பார்த்தியா, என் காந்தத்துக்கு என்ன பவர்!" என்றார் அத்தான். அக்கா அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

சின்னவள் வெறுங்கையோடு கம்பெனிக்காரர்களிடம் பேசினாள், படங்களைக் காட்டினாள். லேப்டாப் கண் கொட்டவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லக் கதவைத் திறந்தபோது, கூடத்தில் அத்தான் யாரிடமோ போனில் அளந்துகொண்டிருந்தார்.

"நான் மட்டும் கை வைக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள் அக்கா. "அது கெட்டே போயிருக்காது."