ஆடாத கார்

கலியாணத்துக்குக் கூரை திறந்த காரில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான் கோகுலன். வாடகைக் கார் வந்தது. சின்னக் குழிக்கும் கதவுகள் கடகடக்க, முழுக் காரும் உதறியது. கராச்சில் காட்டித் திருத்தலாம் என்றான் சாரதி.

"கராச்காரருக்கு உது விளங்காது. நான் யூரியூப்பிலை பாத்திட்டன்" என்று சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கதவிடுக்குகளில் அடைத்தான். அவன் ஏறியபின் நாலு பேர் தள்ளித்தான் கதவைச் சாத்தினார்கள்.

பெண்ணின் ஊரான நெல்லியடி வரை தலைப்பாகை அசையவில்லை. பெண் வீட்டு வாசலில், மாப்பிள்ளையின் கால் கழுவச் செம்போடு காத்திருந்தான் பெண்ணின் தம்பி துவாரகன். கோகுலன் கதவை இழுத்தான். திறக்கவில்லை. தன் பக்கத்தை இழுத்துப் பார்த்த சாரதியும் உதட்டைப் பிதுக்கினான்.

தலைக்கு மேலே வானம் திறந்துதான் கிடந்தது. ஆனால் பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினால் கமெராக்காரன் படம் பிடிக்காமல் விடுவானா?

"அத்தான், இறங்குங்கோவன். முகூர்த்தம் போகுது."

"பொறும் தம்பி."

நாதஸ்வரம் அதே பாட்டை மறுபடி தொடங்கியது. ஐயர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வேர்த்து வழிந்த கோகுலன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலைக் கதவுக்கு மேலால் வெளியே நீட்டினான்.

"மற்றக் கால், அத்தான்?"

"முதல் இதைக் கழுவும்!"

கழுவி முடிந்ததும் மாமன்மார் இருவர் அவனைப் பூசணிக்காய் போலத் தூக்கி இறக்கினார்கள்.

கார் கொஞ்சமும் ஆடவில்லை.