மூடியைக் கழற்றிய மச்சான்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்றைக்கு மானப் பிரச்சினை. அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். பல வருடம் கேட்டுக் கேட்டு, இப்போதுதான் மாலை ஷிப்டின் பொறுப்பு அவள் கைக்கு வந்திருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் தினமும் கடையில் பொரித்ததை வாங்கித் தின்பதானால் பதவியே வேண்டாம், பழைய ஷிப்டுக்கே திரும்பிவிடுவேன் என்பது அவள் கட்சி. அவள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதில் அவளைவிட அவருக்குத்தான் ஆசை. நீ போ, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சவடால் விட்டவரும் அவரேதான். நாளைக் காலை கெடு முடிகிறது.

சவடால் விட்ட வாய்க்கு சூப் வைக்கத் தெரிய வேண்டுமே! பருப்பு, பூசணி, கேரட், கொஞ்சம் கீரை, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவிட்டால் ஆயிற்று. உடம்புக்கும் நல்லது, கைக்கும் வேலை இல்லை. திட்டம் என்னவோ அமோகம்தான். ஆனால் தண்ணீர் ஊற்றுவதில் மனுஷனுக்குக் கை நிதானமே கிடையாது. மகள் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டு, கேரட்டைக் காணோம், போலீஸில் சொல்லலாமா என்று கேட்டாள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய்விட்டான். கிண்டலை அவர் சிரித்து மழுப்பினார்.

அன்றும் வழக்கம்போல் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். ஏற்றிய கையோடு போன் வந்தது. அடுத்த தெருக் கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒரு பல் டாக்டர் மாட்டிக்கொண்டாராம். போகாமல் இருக்க முடியுமா? பிள்ளைகள் இன்னும் டியூஷனிலிருந்து திரும்பவில்லை. இருந்தது மச்சான் ஒருவன்தான். மனைவியின் தம்பி, செல்போன் ரிப்பேர்காரன். ஊருக்கெல்லாம் புதுப் போனைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் பழைய பட்டன் போனைக் கட்டிக்கொண்டு அழுகிற மகராசன். சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் போவான். அன்றைக்கு ஜலதோஷம் வேறு, மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. அடுப்பில் சூப் இருக்கிறது என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

லிஃப்டின் மோட்டார் அறையில் நிற்கும்போதுதான் சுரீர் என்றது. அடுப்பு முழுசாக எரிகிறதே! மச்சானைக் கூப்பிட்டார். லைன் விட்டு விட்டுக் கேட்டது.

"மச்சான், சிம்ல வை. மூடியக் கழட்டிடு."

"ஆகட்டும் மாமா."

அதற்கப்புறம் எத்தனை முறை போட்டாலும் போன் அணைந்தே கிடந்தது. பல் டாக்டரை வெளியே எடுத்தார். அவர் சொன்ன நன்றி காதில் விழுவதற்குள் தெருவில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசலில் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டார்.

மேசையில் மச்சானின் பட்டன் போன் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மூடி ஒரு பக்கம், சிம் ஒரு பக்கம்.

"என்னடா இது?"

"நீங்கதானே மாமா சிம்முன்னீங்க, மூடியக் கழட்டுன்னீங்க? கழட்டிட்டேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார். அடுப்பெல்லாம் பொங்கி வழிந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தார். ஊற்றிய தண்ணீர் மொத்தமும் வற்றி, பருப்பும் பூசணியும் ஒன்றாய்க் குழைந்து பொன்னிறத்தில் கெட்டியாய் உட்கார்ந்திருந்தது. அடியில் லேசாக முறுகி, வாசனை அள்ளியது. மூக்கடைத்தவனுக்கு எங்கே தெரியப் போகிறது?

பிள்ளைகள் வந்தார்கள். வேறு வழியில்லாமல் அதையே ரொட்டியோடு வைத்தார். மகள் ஒரு வாய் தின்றுவிட்டு, போலீஸ் வேண்டாம், கேரட் கிடைத்துவிட்டது என்றாள். மகன் தட்டை இரண்டாம் தடவை நீட்டினான். கடைப் பேச்சே எழவில்லை. மனைவி பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அடி முறுகலைச் சுரண்டிச் சுரண்டித் தின்றாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் கரண்டியைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்து, "டேய், அந்தப் போனை மாட்டிக் குடு. என் போன்ல சார்ஜ் இல்ல. ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்," என்றாள்.

"என்னன்னு?" என்று கேட்டார் அவர்.

"மாலை ஷிப்ட் எனக்குத்தான்னு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. சந்தோஷத்தில், நாளைக்கு சிம்மில் வைத்து இன்னும் பக்குவமாகச் செய்து காட்டுகிறேன் என்று ஆரம்பித்தார்.

அவள் கையமர்த்தினாள். "நீங்க ஒண்ணும் புதுசா செய்ய வேணாம். இன்னிக்கு மாதிரியே அடுப்புல வச்சிட்டு வெளியே போயிடுங்க. மறக்காம இவனுக்கு ஒரு போன் போடுங்க."