துணைக்கு ஒருவர்

றஜீவ் அண்ணையைக் கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். எலெக்ரீசியன் வகுப்புக்குச் செவ்வாய்க் காலையில் வருவதில்லை, மற்ற நாட்களில் வந்தாலும் வாய் திறப்பதில்லை, இப்படியே போனால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்றார்கள். கதைக்க வரும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாமாம்.

"படிக்கிற இடத்தில கூப்பிட்டா வீடே போறதுதான் முறை," என்று அம்மா மாதா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டினா. நானும் இழுபட்டுப் போனேன். லண்டன் ஹரோ பஸ் தரிப்பில் அண்ணையோடு படிக்கும் யூசுப்பும் டெல்ரோயும் காத்து நின்றார்கள். யூசுப் சோமாலியன், டெல்ரோய் ஜமேக்காக் குடும்பத்துப் பெடியன்.

"அம்மா, இது கலியாணவீடில்லை," என்றார் அண்ணை.

"வாயை மூடிக்கொண்டு வா. அதைத்தானே வகுப்பிலயும் செய்யிறாய்."

அறையில் கதிரை போதவில்லை. ஆசிரியை மிஸிஸ் ஹார்வி எங்களை ஒருமுறை பார்த்தார். "இதில் துணைக்கு வந்தவர் யார்?"

எல்லாரும் கை தூக்கினோம். நான்கூட.

மிஸிஸ் ஹார்வி அண்ணையைக் காட்டினார். "இவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆர்வம் இல்லையென்று நினைத்தேன்."

டெல்ரோய் சிரித்துவிட்டான். "ஆர்வமா? வகுப்பு முடிந்ததும் கன்ரீனில் கேள்வி கேட்டே எங்கள் உயிரை எடுக்கிறான். எங்களுக்குப் பாடம் விளங்குவதே அங்கேதான்."

"பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "ரீச்சரை மறிச்சுக் கேக்கிறது மரியாதையில்லை," என்று தமிழில் முணுமுணுத்தார்.

"அதை அவவுக்குச் சொல்லு. எனக்கில்லை," என்றா அம்மா.

அண்ணை நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னார். மிஸிஸ் ஹார்வி பேனையைக் கீழே வைத்தார். "கேட்பதுதான் எனக்கு மரியாதை. இப்போதே ஒன்று கேளுங்கள்."

"செவ்வாய்க் காலையில் எனக்கு வெயர்ஹவுஸ் ஷிப்ட். மாற்றித் தரமாட்டார்கள். வேறு நாளில் அந்த வகுப்பு இருக்கிறதா?"

"வியாழன் பின்னேரம் இருக்கிறதே! இடமும் இருக்கிறது. மாற்றிவிடுகிறேன். நீங்கள் தொடர்ந்து படியுங்கள்."

நான் தமிழில் சொன்னதும் அம்மா நெற்றியில் அடித்தா. "மாதாவே, இதைக் கேக்க இவ்வளவு சனமா?"

"அப்படியென்றால் எங்களையும் வியாழனுக்கு மாற்றுங்கள்," என்றான் யூசுப். "இவன் இல்லாமல் ஏலாது."

அண்ணை அதற்குள் கை தூக்கியிருந்தார். "மிஸ், போன கிழமை படிப்பித்த அந்த மாடிப்படி சுவிச்சில் இன்னும் ஒரு சந்தேகம்."

மிஸிஸ் ஹார்வி எழுந்து பலகையில் வரையத் தொடங்கினார். மூன்று பேரும் கதிரைகளை முன்னுக்கு இழுத்தார்கள்.

"இது இப்ப முடியிற கதையில்லை," என்று அம்மா பையிலிருந்து பற்றிஸ் பலகாரப் பெட்டியை எடுத்தா.