எட்டுச் சொல் குறைந்த விடுதி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். இது அந்த வகைப் பொய் இல்லை. வாசிக்கிறவர் நம்பி, பெட்டி கட்டி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிடுகிற வகை. சொன்னவன் நான். நம்பியவள் என் மனைவி.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

'கடல் அன்று அமைதியாக இருந்தது. ஜன்னலருகே நின்றிருந்த அவள், தொலைவில்—'

அடித்துவிட்டேன். என் மனைவி ஜன்னலருகே நின்று நான் பார்த்ததில்லை, கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்க்க நின்றதைத் தவிர. என் கதைகள் மேல் அவளுக்குள்ள புகாரே அதுதான். "உன் கதைல யாருக்கும் வேல வெட்டியே இல்ல. எல்லாரும் ஜன்னல் பக்கத்துல நின்னு எதையோ யோசிக்கறாங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து என் கதை எதையும் அவள் மூன்றாம் தாளுக்கு மேல் வாசித்ததில்லை. மூன்றாம் தாளில் ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவாள்.

அவள் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய் வடம், பிரேக், கதவு எல்லாம் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவள். எதையும் தொட்டு, இழுத்து, ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டாள். 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்று அவள் சொன்னால் அந்த லிஃப்டில் ஏறாதீர்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'குழந்தை பிறந்த பிறகு நாங்கள் எங்குமே போகவில்லை.' இது உண்மை. சுவாரசியம் இல்லை, ஆனால் தாங்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

குழந்தைக்கு ஒரு வயது எட்டு மாதம். வீட்டில் பெயர் டமால். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நடை பழகாமல் நேராக ஓடப் பழகியவள். ஓடுகிறவளுக்குப் பின்னால் நாங்கள் ஓடுகிறோம். கடலோரம் நாலு நாள் போகலாம் என்று முடிவானபோது, எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன்.

"எனக்குக் கடல்கூட வேணாம்" என்றாள். "ஒரு மணி நேரம் உக்காரணும். அவ என் கண்ணு முன்னாடி இருக்கணும், ஆனா நான் எந்திரிக்கக் கூடாது. அப்படி ஒரு எடம் இருந்தா சொல்லு."

(இந்த வரியை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.)

தேடல் தொடங்கியது. படங்களை அவள் நம்பவில்லை. 'குழந்தைகளுக்கு ஏற்றது' என்ற வரியைப் பார்த்தாலே "யாரு குழந்தைக்கு?" என்பாள். ஒவ்வொரு விடுதிக்கும் தானே போன் செய்தாள். முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "உங்க பால்கனி கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு தம்ளர் போகுமா?"

டமாலின் பால் தம்ளரைச் சொல்கிறாள். தம்ளர் போனால் கை போகும், கை போனால் கால் போகும், பிறகு மீதியும் போகப் பார்க்கும் என்பது அவள் கணக்கு. இது புரியாமல் ஒரு மேலாளர், "தம்ளர் நீங்க கொண்டு வரவே வேணாம் மேடம், ரூம்லயே வெச்சிருப்போம்" என்றார். இன்னொருவரிடம், சின்னக் குழந்தையோடு வந்தால் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டாள்.

"எல்லா வசதியும் இருக்கு மேடம். பார்கூட இருக்கு."

பதினொரு விடுதிகள் தள்ளுபடி ஆயின. ஒன்றில் அறைக் கதவைத் திறந்தால் நீச்சல் குளம். ஒன்றில் கண்ணாடி மேசை, அதுவும் கூர்முனையோடு. ஒன்று 'அமைதி விரும்புவோருக்கு' என்று போட்டிருந்தது. "நம்ம போனா அவங்க என்ன ஆவாங்க?" என்று தானே விட்டுவிட்டாள்.

(எழுதியதைத் திருப்பி வாசித்தால் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. இந்தப் பெண் உங்களுக்கு நச்சரிப்புக்காரியாகத் தெரிகிறாளா? அப்படியென்றால் நான் சரியாக எழுதவில்லை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நீங்கள் தைரியமாக ஏறிப் பொத்தானை அமுக்குகிறீர்களே, அந்தத் தைரியம் அவளைப் போன்றவர்கள் நச்சரித்துச் சம்பாதித்துக் கொடுத்தது. இதை அவள் பாத்திரத்தை மெருகேற்றச் சொல்லவில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அதைச் சொல்ல வேறு இடம் கிடைக்கவில்லை.)

3

பன்னிரண்டாவது விடுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைத்தது. நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். டமால் மடித்ததைக் கலைத்துக்கொண்டிருந்தாள். மனைவி போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்:

"'கடல் எட்டிப் பார்க்கும் தூரத்தில் எட்டே அறைகள். பின்பக்கம் குழந்தைகள் விளையாட நிழலான மணல் முற்றம் உண்டு.' பாத்தியா? கடல்ல போய் எறக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ளயே மணல். அதுவும் நிழலோட. இது எழுதினவங்க கண்டிப்பா புள்ள வளத்தவங்கதான்."

என் கையில் இருந்த சட்டை கீழே விழுந்தது. (இல்லை, விழவில்லை. கதையில் இந்த இடத்தில் ஏதாவது விழும் என்பதால் எழுதிவிட்டேன். உண்மையில் அதே சட்டையை மூன்று தடவை மடித்தேன்.)

'கடல் எட்டிப் பார்க்கும் தூரத்தில்' என்று இந்த உலகத்தில் எழுதிய ஒரே ஆள் நான்.

இப்போது நான் மின்விசிறிக்கும் அரைவை இயந்திரத்துக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதுகிறேன். ஏழு வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு முன்னால், விடுதிகளுக்கு விவரிப்பு எழுதும் வேலையில் இருந்தேன். திரைச்சீலைக் கடைக்கு மேல் இரண்டாம் மாடி, ஆறு மேசை, ஒரே ஒரு நல்ல நாற்காலி. விடுதிக்காரர்கள் ஒரு படிவமும் நாலு படமும் அனுப்புவார்கள். நாங்கள் யாரும் எங்கும் போய்ப் பார்த்ததில்லை. ஒரு விடுதிக்கு நூற்றிருபது சொல், குறையக் கூடாது. மேலதிகாரி எண்ணுவார் என்று பயம். அவர் ஒரு நாளும் எண்ணியதில்லை என்பது வேலையை விட்டபிறகுதான் தெரிந்தது.

அந்த விடுதிக்கு எல்லாம் எழுதியும் எட்டுச் சொல் குறைந்தது. சாப்பாட்டு வேளை. நல்ல நாற்காலிக்காரன் கிளம்பிவிட்டான், நானும் கிளம்ப வேண்டும். படிவத்தில் 'குழந்தைகளுக்கான வசதி' என்ற கட்டம் காலியாக இருந்தது. படத்தில் பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு ஸ்கூட்டர். அப்போது எனக்குக் குழந்தை இல்லை. குழந்தைக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தால் மணல் என்றுதான் சொல்லியிருப்பேன். எழுதினேன். குறைந்த எட்டும் நிறைந்தது என்று சாப்பிடப் போனேன்.

நான் வேலை பார்த்த இணையதளம் பிற்பாடு மூடப்பட்டது. விவரிப்புகளை யார் யாரோ எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் வேலையை விட்டும் என் வாக்கியங்கள் இன்னும் வேலையில் இருக்கின்றன.

4

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாயெடுத்தேன்.

'அது வந்து, அந்த முற்றம்—'

'உனக்கு ஞாபகம் இருக்கா, நான் முன்னாடி ஒரு வேலைல—'

'இதப் பாரு, கோவப்படாம கேளு—'

மூன்றும் பாதியில் நின்றன. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். என் எழுத்தில் அவள் நம்பிய முதல் வாக்கியம் அது. என் கதைகளில் நான் ரத்தம் சுண்டச் சுண்ட எழுதிய உண்மைகளையெல்லாம் 'பார்க்க நல்லாத்தான் இருக்கு' என்று தள்ளியவள், பசிக்கு எழுதிய பொய்யைப் பிடித்துக்கொண்டாள். புள்ள வளர்த்தவர் எழுதியது என்று வேறு சொல்லிவிட்டாள். அந்தப் பாராட்டை ஒரு நாளாவது வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். அற்பத்தனம்தான்.

அந்த ஒரு நாளில் அவள் அறையைப் பதிவு செய்து, அலுவலகத்தில் நாலு நாள் விடுப்பும் சொல்லிவிட்டாள். இந்த முறை போன்கூடச் செய்யவில்லை. "எல்லாத்தையும் நானே ஆட்டி ஆட்டிப் பாத்துட்டே இருக்க முடியாது. ஒரு தடவையாவது யாரையாவது நம்பறேனே" என்றாள்.



5

மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து நான் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். விடுதி அவருடையதுதான். உள்ளே பாத்திரம் விழுகிற சத்தமும் அவர் குரலும் ஒரே அளவில் கேட்டன.

"பின்பக்கம் மணல் முற்றம்னு போட்டிருக்கீங்களே..." என்று இழுத்தேன்.

"இருக்கு சார், வாங்க."

"இருக்கா?"

"ஏன் சார், இருக்கக் கூடாதா?"

"இல்ல... நிஜமாவே மணலா?"

அவர் சிரித்தார். "அது பெரிய கதை சார். எவனோ ஒருத்தன் எங்களக் கேக்காம அப்படி எழுதிட்டான். எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நிறுத்தற எடம் அது. மொத மொதல்ல ஒரு குடும்பம் வந்துச்சு. ஒரு சின்னப் பையன், கையில வாளி, கரண்டியோட நேரா பின்பக்கம் ஓடினான். சிமெண்டப் பாத்துட்டு அப்படியே நின்னான் பாருங்க... அழக்கூட இல்ல. அழுதிருந்தாத் தேவலை."

நான் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

"அந்த வரிய எடுத்துடச் சொல்லி எழுதினோம். எங்க எடுக்கறாங்க? ஒரு எடத்துல எடுத்தா இன்னொரு எடத்துல மொளைக்குது. மூணாவது குடும்பம் வந்தப்போ இவர் கோவத்துல சிமெண்ட ஒடைச்சு மணலக் கொட்டிட்டார். சுத்தி கம்பி, ஒரு கேட்டு. அதுல வேற நிழலானதுன்னு எழுதியிருந்தான் பாவி. மணல் வண்டியில வரும், நிழல் வருமா? மரம் வெச்சோம். பேரு தெரியாது, கடக்காத்துக்குத் தாங்கும்னாங்க."

"இப்ப எவ்வளவு ஒசரம்?"

"என்னைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. அதப் பத்தி உங்களுக்கென்ன சார் இவ்வளவு அக்கறை?"

குழந்தைக்கு வெயில் ஆகாது என்றேன். அது பொய் இல்லை.

வைக்கும்போது அவர் சொன்னார்: "அவன் மட்டும் என் கையில கெடச்சான்னா மொதல்ல நாலு சாத்து, அப்புறம் ஒரு வாய் சாப்பாடு. எட்டு ரூமும் குழந்தைங்களாலதான் ஓடுது."

6

இனிச் சொல்ல என்ன இருக்கிறது? பொய் உண்மையாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: போகிறோம், மணல் இருக்கிறது, நான் எதுவும் சொல்வதில்லை. எல்லாரும் சுகம். டமால் மணல் தின்கிறாள். இது மோசமான முடிவு இல்லை. ஆனால் வேறு யாரோ சிமெண்டை உடைத்து, வேறு யாரோ மரம் வைத்து, அந்த நிழலில் நான் ஒன்றும் தெரியாதவன் போல் உட்கார வேண்டும்.

இரண்டாம் முடிவு: விடுதிக்காரம்மா என் குரலை அடையாளம் கண்டு எல்லாவற்றையும் மனைவியிடம் போட்டு உடைக்கிறார். விறுவிறுப்பாக வந்தது. ஆனால் என் வேலையை அவர் தலையில் கட்டுவதாக இருந்ததால் கிழித்தேன்.

மூன்றாம் முடிவு: 'பேருந்தில் போகும்போது நான் அவள் கையைப் பிடித்து—'

பேருந்தில் அவள் இரண்டு கையிலும் டமால் இருப்பாள்.

ஆகவே இந்த ஆறு பகுதிகளையும் அச்செடுத்தேன். எட்டுத் தாள் வந்தது. எங்கே வைத்தால் அவள் கட்டாயம் பார்ப்பாளோ அங்கே, தம்ளர் இருக்கும் பையில் வைத்தேன். மூன்றாம் தாளில் எழுந்து போனால் அதோடு சரி. விஷயம் ஐந்தாம் தாளில்தான் வருகிறது.

7

இதை மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன். டமால் என் காலைப் புதைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கால் முடிந்துவிட்டது.

வந்ததும் மனைவி தம்ளரை எடுத்துக் கம்பியில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கூடவே தாள்களும் வந்தன. "என்ன இது?" என்றாள். "படி" என்றேன். மரத்தடியில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் நிழல் இருந்தது. போட்டு உட்கார்ந்தாள்.

'பார்கூட இருக்கு' என்ற இடத்தில் சிரித்தாள். மூன்றாம் தாளைத் தாண்டினாள். (நான் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.) ஐந்தாம் தாளில் முகம் மாறியது. ஏழாவதில் தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

இப்போது எட்டாம் தாளும் முடிந்து, உட்கார்ந்தபடியே கையை நீட்டுகிறாள்.

"அடுத்த தாள் எங்க?"

"எழுதிட்டிருக்கேன்."

"அதுல நான் என்ன பண்றேன்?"

"தெரியல. திட்டற மாதிரி எழுதினேன், சிரிக்கற மாதிரியும் எழுதினேன். ரெண்டும் சரியா வரல."

"நான் இங்கதான இருக்கேன். என்னக் கேட்டா என்ன?" நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. "பேனாவக் குடு."

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுத்தாளர்கள் சும்மா சொல்வோம். எந்த வாசகரும் கையை நீட்டிக் கேட்டதில்லை. இந்த ஒரு வரியை முடித்துவிட்டுத் தருகிறேன் என்றால் கேட்க—

(ஆய்வுக் குறிப்பு. மணல்: உண்டு. கேட்: தம்ளர் போகவில்லை. நிழல்: ஒரு நாற்காலிக்கு உண்டு, குழந்தை நாற்காலிக் காலருகே வந்தால் அவளுக்கும் உண்டு. நான் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் ஆகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுதியவர் எட்டுச் சொல் குறைந்தது என்கிறார், எட்டையும் நிரப்பிவிட்டதாகவும் சொல்கிறார். அந்த மணல் முற்ற வாக்கியத்தை எண்ணிப் பார்த்தேன். ஏழுதான் இருக்கிறது. ஒரு சொல் இன்னும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அவர் இரண்டு காலும் மணலுக்குள் இருப்பதால் எங்கும் போக முடியாது. காத்திருக்கிறேன்.)