கனத்த காருக்கு மென்மையான டயர்

1

இந்தக் கதையின் ஒரு பாதி ஈப்போவில் ஒரு டயர் கடையில் எனக்குக் கிடைத்தது. என் மோட்டார் சைக்கிளுக்கு ஒட்டுப் போடக் காத்திருந்தேன். சுவரோரம் கிடந்த ஒரு கார் டயரின் வெளித்தோள், அதாவது வெளிப்பக்க விளிம்பு, மட்டும் கட்டி கட்டியாகப் பிய்ந்திருந்தது. கடைக்காரர் ராமையாவிடம் காரணம் கேட்டேன், சொன்னார். மறுபாதியைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆகவே கடைக்குள் நடந்தது ராமையா சொன்னது. காருக்குள் நடந்தது நான் எழுதுவது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1984இல், மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, கனத்த கார் ஒன்று லகாட் சாலையில் சீறிக்கொண்டு...’ நிறுத்திவிட்டேன். காரிலிருந்து தொடங்கினால் கௌரி அதில் வெறும் பயணியாகிவிடுகிறாள். ஓட்டியவளே அவள்தான்.

2

கௌரி கணக்கு ஆசிரியை. கணவர் பஞ்சலிங்கம் நில அளவையாளர். கார் அவருடையது: நான்கு கதவு, பெரிய எஞ்சின், அதற்கேற்ற கனம். வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த அந்தக் காரை, ஒரு தடவையாவது, தெற்கே சில மணி நேரத் தொலைவில் இருந்த பத்து தீகா என்ற பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாம் என்று அங்கே சில ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிடுவார்கள். போவதற்குள் கண் பழுதாகிவிட்டது. ஓரங்கள் இருண்டுவிட்டன, நேரே இருப்பது மட்டும் குழாய்க்குள் பார்ப்பதுபோலத் தெரிந்தது. அதன் பிறகு வீட்டில் அவர் பேச்சே குறைந்துபோனது.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு இடையில் சொன்னார்: “நீர் ஓட்டும், கௌரி. நான் பக்கத்தில இருக்கிறன். எனக்கு அதே காணும், வேறொண்டும் வேண்டாம்.”

கண் போனதிலிருந்து அவர் எதையும் கேட்டதில்லை. அதனால் அவள் மறுக்கவில்லை.

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. நம்ப முடியவில்லை, ஓட்டுபவரை மைத்துனனாக மாற்று என்றார் ஒரு நண்பர். ஒரு பக்கம் மாற்றி எழுதினேன். கௌரிக்கு அழுவதைத் தவிர அதில் வேலையே இல்லை. கிழித்துப் போட்டேன்.]

3

ராமையா இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று பந்தயத்துக்கென்றே செய்த மென்மையான ரப்பர். மேற்பரப்பில் வெட்டிய பள்ளங்கள் ஆழமில்லை, காய்ந்த தாரில் பசைபோலப் பிடிக்கும். மற்றது சாலை டயர். கடினமான ரப்பர், விறைப்பான பக்கச்சுவர், தண்ணீரை ஒதுக்கும் ஆழமான பள்ளங்கள். ஆனால் வேகமான வளைவில் சீக்கிரம் வழுக்கிவிடும்.

பஞ்சலிங்கம் கட்டைவிரலால் இரண்டையும் அழுத்திப் பார்த்தார். மென்மையானதில் நகம் இறங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. கௌரிக்குச் சாலை டயர்தான் சரியென்று பட்டது. இந்தக் கனத்துக்கு, திருப்பத்தில் பாரமெல்லாம் முன் டயரின் வெளித்தோளில் விழும், மென்மையான ரப்பர் சூடேறிப் பிய்யும் என்றாள். அதோடு ஈப்போவுக்குத் திரும்பி வருவதும் இதே டயரில்தானே என்றாள். ராமையாவிடம் கேட்டார்கள்.

“ரெண்டையும் விக்கிறேன் டீச்சர். ரெண்டையும் ஓட்டிப் பாத்ததில்ல லா. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன்.”

[சாலை டயர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ராமையாவும் கேட்டாராம். வேலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே காலோடுதான், ஒரே டயரோடுதான், கார் ஓட வேண்டும் என்று பஞ்சலிங்கம் சொல்லிவிட்டார். அது காரணமே இல்லை. ஆனால் அவர் சொன்னது அதுதான்.]

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கௌரி விட்டுக்கொடுத்தாள். மென்மையான டயர்களை மாட்டினார்கள்.

4

பாதையில் முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. டயர் சாலையைக் கவ்விப் பிடித்தது. வளைவுகளில் பஞ்சலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு ஒரு பக்கம் சாய, வாய்விட்டுச் சிரித்தார். கௌரிக்கும் அது பிடித்திருந்தது. (இதை எழுதாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்தவனாவேன்.) பிறகு ஸ்டீயரிங் அவள் கையில் நடுங்கியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தாள். இடது முன் டயரின் தோள் பிய்ந்து தொங்கியது.

இன்னும் ஒரு சுற்று என்றார் அவர். என்னால் ஏலாது என்றாள். அங்கிருந்த ஒருவர் அந்த டயரைக் கழற்றி மாற்று டயரைப் போட்டுக்கொடுத்தார். மற்ற மூன்றும் பள்ளம் தேய்ந்து வழவழவென்று இருந்தன. அந்த டயர்களோடே ஈப்போவுக்குக் கிளம்பி, தஞ்சோங் மாலிமைத் தாண்டினார்கள்.

5

சுங்காய் ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்த பழைய தோட்டம் ஒன்றின் ஓரமாகச் சாலை போனது. திடீரென்று ஸ்டீயரிங்கில் பாரமே இல்லாமல் போனது. கார் தண்ணீர்மேல் மிதந்தது. எப்படியோ பிடித்து, இடப்பக்கப் புல்லில் ஏற்றி நிறுத்தினாள்.

“மழை விடும்வரைக்கும் நான் காரை எடுக்கமாட்டன்,” என்றாள்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். அவருடைய கதவு தோட்டத்தின் பக்கம். மழையில் காரை முன்பக்கமாகச் சுற்றி, கௌரியின் கதவுக்கு, சாலைப் பக்கமாக வந்தார். பின்னாலிருந்து மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அவருடைய கண்ணில் அந்தப் பக்கம் இருட்டு.

[லாரியை நிறுத்திப் பார்த்தேன். மழையை விடவைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் பஞ்சலிங்கம் வீடு வந்து சேர்ந்து காப்பி கேட்டார். அவரைக் காப்பாற்றியது கௌரி அல்ல, நான் என்பது வெளியே தெரிந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன்.]

6

டயர்தான் ஆளைக் கொன்றது என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். அவருடைய அக்கா மங்களம் மட்டும் வேறு கேட்டாள். “தோட்டப் பக்கம் இறங்கினவன், றோட்டுப் பக்கம் ஏன் வந்தவன்?”

“டயரைப் பாக்க வந்தவர், மச்சாள்,” என்றாள் கௌரி. மங்களம் அவள் தலையைத் தடவிவிட்டாள். பிறகு யாரும் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்தபின் கௌரி அந்தக் காரைத் தானே ஓட்டி ராமையாவிடம் கொண்டுவந்தாள். பிய்ந்த டயரை இறக்கிப் போட்டுவிட்டு, சாலை டயர்களை மாட்டச் சொன்னாள். அவர் வேலை செய்கையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்: “என்ர கதவை நான் உள்ளால பூட்டியிருந்தனான், ராமையா.” அவர் அடுத்த போல்ட்டை எடுத்து முறுக்கினாராம்.

அவர், நானே ஓட்டப்போகிறேன் என்று சண்டை போட்டு இறங்கியதாக ஒரு முடிவு எழுதினேன். மழைக்குப் பயந்து அவள் முன்பே பூட்டியிருந்ததாக, அவர் உண்மையிலேயே டயரைப் பார்க்க வந்ததாக, இன்னொன்று. அவர் கண்ணாடியில் தட்ட அவள்... இது பாதியில் நிற்கிறது, இதை முடிக்க மாட்டேன். அந்தக் காருக்குள் இருந்தவள் அவள் ஒருத்திதான். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால், மங்களத்திடம் மட்டும் காட்டாதீர்கள்.