பொம்மி ஏன் நொண்டினாள்

ஏட்டய்யா காலையிலிருந்தே லாயத்தை விட்டு நகரவில்லை. போலீஸ் குதிரை லாயத்தின் கடைசித் தடுப்பில் நிற்கும் பொம்மியைத் திங்கட்கிழமை, குதிரைகளின் தகுதி பார்க்கும் கமிட்டி பார்வையிடப் போகிறது. நொண்டுகிற குதிரைக்கு லாயத்தில் இடம் கிடையாது, ஏலத்துக்குப் போய்விடும். ஏலத்தில் எடுப்பவன் நொண்டிக் குதிரையைச் சவாரிக்கா எடுப்பான்? அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தெம்பில்லை.

பழக்காத முரட்டுக் குதிரையாகப் பொம்மி வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் முதுகில் ஏறியவர் அவர் ஒருவர்தான். ஒருமுறை கடைவீதியில் கல்வீச்சு நடந்தபோது மற்ற குதிரைகளெல்லாம் மிரண்டு பின்வாங்க, இவள் மட்டும் காதை ஆட்டிக்கொண்டு நின்றாள். “என் வீட்டுக்காரிகூட என்னை இவ்வளவு நம்பினதில்ல” என்பார் ஏட்டய்யா. வீட்டுக்காரி பக்கத்தில் இருக்கும்போதும் சொல்வார்.

மழைக்காலம் முடிந்த கையோடு நொண்டல் ஆரம்பித்தது. சவாரியில் வலது பின்னங்காலைத் தூக்கி வைக்காமல் இழுத்தாள். குளம்பின் நுனி தரையில் கோடு போட்டது. ஏட்டய்யா முதலில் லாடக்காரர் மேல் பாய்ந்தார்.

“ஆணியைச் சதையில இறக்கிட்டியா?”

“வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க ஏட்டய்யா.” லாடக்காரர் லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சுற்றிலும் இடுக்கியால் அழுத்திக் காட்டினார். பொம்மி பாட்டுக்கு வைக்கோல் மென்றுகொண்டிருந்தாள். “வலிச்சிருந்தா இந்நேரம் என்னைச் சுவத்தோட சுவரா ஒட்டியிருப்பா. குளம்புல ஒண்ணுமில்ல.”

பிறகு, ஊருக்கே மாட்டு டாக்டர், குதிரை டாக்டர் எல்லாமாக இருந்த டாக்டரம்மா வந்தார். காலை மடக்கிப் பிடித்துவிட்டு ஓடவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார். ஒவ்வொரு மூட்டாக மரத்துப்போகிற ஊசி போட்டு, ஏட்டய்யாவை ஏறி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். எந்த மூட்டு மரத்தாலும் நொண்டல் நிற்கவில்லை. முதுகை அழுத்தியபோது மட்டும், சேணம் உட்காரும் இடத்தில், வலப்பக்கம் பொம்மியின் தோல் துடித்தது. சரி, சேணம்தான் கோளாறு என்று புதுச் சேணம் வரவழைத்தார்கள். அதிலும் நொண்டினாள்.

ஏட்டய்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. தடுப்புக்குள் போய் உட்கார்ந்து, தைலத்தைச் சூடு பறக்கத் தேய்ப்பார். “திங்கட்கிழமை ஒரே ஒரு நாள் நேரா நடந்துடு தாயி. அப்புறம் உன் இஷ்டம்” என்று கெஞ்சுவார். அவள் அவர் சட்டைப்பையை மோந்து பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் டாக்டரம்மாவிடமும் கெஞ்சினார்.

“வலி தெரியாம ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா. கமிட்டி போற வரைக்கும் தாங்கினா போதும்.”

“திங்கட்கிழமை நல்லா நடப்பா. செவ்வாய்க்கிழமை என்ன பண்ணுவீங்க?”

டாக்டரம்மா லாயத்துப் பயிற்சி மைதானத்து வேலியோரம் போய் நின்றார். பிறகு பொம்மியை வெறும் கயிற்றில் ஓட்டச் சொன்னார். நேராக ஓடினாள். சேணத்தை மட்டும் போட்டு ஓட்டச் சொன்னார். அப்போதும் காலில் குறையில்லை. ஏட்டய்யா ஏறினார். நாலு எட்டு வைப்பதற்குள் குளம்பு தரையைக் கீறியது.

“இறங்குங்க. வேற யாராவது ஏறட்டும்.”

“என்னைத் தவிர யாரையும் ஏத்த மாட்டா.”

“அதையும் பார்த்துடுவோமே.”

படையிலிருந்த பெண் போலீஸ் ஒருத்தி ஏறினாள். பொம்மி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தாள், அவ்வளவுதான். முதல் சுற்று விறைப்பாகப் போனாள். இரண்டாவது சுற்றில் பின்னங்கால் ஒழுங்காக எழும்பி விழுந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஏட்டய்யா வேலிக்கட்டையின் பட்டையை உரித்துக்கொண்டு நின்றார்.

அவரை மறுபடி ஏறி உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா பின்னால் போய்ப் பார்த்தார். சேணத்துக்கடியில் இரண்டு பக்கமும் கை நுழைத்தார். இடப்பக்கம் கை தாராளமாகப் போயிற்று. வலப்பக்கம் விரல் நசுங்கியது.

“மொத்த பாரத்தையும் வலப்பக்கம் போட்டு உட்கார்றீங்க. இடது இடுப்புல என்ன?”

“ஒண்ணுமில்லம்மா. வாயு.”

அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்த குடியிருப்பிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி வந்து நின்றாள்.

“இவர் சொல்ல மாட்டார் டாக்டர். போன வருஷம் லாயத்தைக் கழுவிவிட்ட ஈரத்துல வழுக்கி விழுந்தார். அன்னையிலேருந்து கக்கூஸ்ல எந்திரிக்கக் கதவைப் பிடிச்சுக்கறார். கேட்டா வாயுங்கறார். அப்படி ஒரு வாயுவை நான் கண்டதே இல்ல.”

“நீ வாயை மூடு!”

“மூடித்தானே வச்சிருந்தேன் இத்தனை நாளா? வெளியில தெரிஞ்சா குதிரையை விட்டு இறக்கிடுவாங்கன்னு என்கிட்ட கையில அடிச்சு சத்தியம் வாங்கினீங்க.”

ஏட்டய்யா இறங்கினார். இறங்கியதும் சேணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், முகம் பொம்மியின் விலாவில் புதைந்திருந்தது.

“நான்தானாம்மா அவளை நோகடிச்சேன்?”

“ஆமா” என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு அவர் தோளில் கை வைத்தார். “வேணும்னு செய்யல. இப்ப தெரிஞ்சு போச்சு, நிறுத்திடலாம்.”

சனிக்கிழமை அவரே இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய் விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, “முதல்ல உட்காருங்க” என்றார். அதுதான் ஏட்டய்யாவை உடைத்தது. வாட்டசாட்டமான மனுஷன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

கமிட்டி வந்தது. குதிரையிடம் குறை இல்லை, ஓய்வு கொடுத்தால் முதுகு தேறிவிடும், சவாரி செய்யும் ஆளை மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். பொம்மி பிழைத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஏட்டய்யாவின் இடுப்பைப் பார்த்த எலும்பு டாக்டர், மூட்டை மாற்றித்தான் ஆக வேண்டும், இனி குதிரை ஏறுவதை மறந்துவிடுங்கள் என்றார். மனைவி தலையாட்டினாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து, கைத்தடியோடு அவர் லாயத்துத் தீவனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த வாரம், அந்தப் பெண் போலீஸ் பொம்மியில் ஏறி ரோந்துக்குக் கிளம்பினாள். பார்க்கக் கூடாது என்று உள்ளேயே இருந்தவர், தாங்காமல் வாசலுக்கு வந்துவிட்டார்.

“கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காத தங்கச்சி! கல்லுக்கு மிரளாதவ குடை விரிச்சா மிரளுவா, முன்னாடியே பேச்சுக் குடு!”

“சரிண்ணே!”

பொம்மி அவரைத் தாண்டி, தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளைப் பழக்கியவர் அவர்தான்.